கீழ் லயத்துப் பூஜ்யம்

மனோகரனைப் பழிவாங்கத் தேன்மொழி என்னென்னவோ யோசித்திருக்கிறாள். அவன் கார் டயரைக் கிழிப்பது, அவன் மகள் கல்யாணத்தில் போய் மைக்கைப் பிடுங்குவது, நடுச்சந்தையில் நிறுத்தி முகத்தில் காறித் துப்புவது. எல்லாம் குளிக்கும்போது வந்து, தலையைத் துவட்டுவதற்குள் போய்விடுகிற யோசனைகள். உருப்படியாக ஒன்றும் அமையவில்லை. கடைசியில் அந்த வாய்ப்பு அவளைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தது, அதுவும் மஞ்சள் நிறத்தில்.

ஜொகூர் பாருவில் ஒரு வரைபட நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை, யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் தட்டிப் பார்க்கும்படி இணையதளத்தில் வரைபடமாகப் போட்டுத் தரும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. மாநிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அங்கே எத்தனை பேர், அதில் வயதானவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று வந்து நிற்கும். காட்டையும் சதுப்பு நிலத்தையும் தொட்டால் பூஜ்யம் வரும், அது நியாயம். ஆனால் பூஜ்யம் வந்த கட்டத்தில், வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகள் தெரிந்தால் அந்தக் கட்டம் மஞ்சளாகிவிடும். குழுவில் ஒருவர் அதைத் திறந்து பார்த்து இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். 'மறுபடி பார்க்கவும்' என்று அமுக்கினால் ஆட்கள் திரும்பப் போய்க் கணக்கெடுத்து வருவார்கள். 'காலிதான்' என்று அமுக்கினால் அதோடு சரி.

அன்று மதியச் சாப்பாடு முடித்து வந்து அவள் திறந்த மஞ்சள் கட்டத்துக்குப் பெயர் படிக்கத் தேவையிருக்கவில்லை. செம்மண் சாலை, அதன் தலையில் காவல் சாவடி, வரிசையாகத் துருப்பிடித்த தகரக் கூரைகள். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயம். அவள் பிறந்து வளர்ந்த இடம். கொடியில் காய்கிற துணிகள்கூடப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. மக்கள்தொகை என்ற இடத்தில் பூஜ்யம். அடியில் கணக்கெடுக்கப் போன பெண் எழுதியிருந்தாள்: 'உள்ளே யாரும் வசிக்கவில்லை. சொன்னவர், இடத்தின் பொறுப்பாளர் மனோகரன்.'

அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியதுபோல் ஆயிற்று. ஏன் என்று புரிய, மனோகரன் என்ற அந்தப் புண்ணியவானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தோட்டம் கைமாறியபோது புது முதலாளிக்கு நிலம் வேண்டும், லயத்து ஜனம் வேண்டாம். பெரும்பாலோர் டவுனுக்குப் போய்விட்டார்கள். போக வழியில்லாத பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மட்டும் கீழ் லயத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்களைக் கிளப்பும் வேலையை முதலாளி மனோகரனிடம் கொடுத்தான். மனோகரனும் அதே லயத்தில் பிறந்தவன்தான். அடிதடி எல்லாம் அவனுக்கு ஒத்துவராது. அவன் செய்தது ஒன்றே ஒன்று. கேட்டவர்களிடமெல்லாம் கீழ் லயத்தில் யாரும் இல்லை என்றான். தண்ணீர்க்காரனிடம் சொன்னான், குழாய் நின்றது. குப்பை வண்டிக்காரனிடம் சொன்னான், வண்டி நின்றது. காவல் சாவடியில் இருந்தவனிடம், எவன் வந்து கேட்டாலும் உள்ளே கோசோங், எல்லாம் காலி என்று சொல்லி அனுப்பிவிடு என்றான்.

தேன்மொழியின் அப்பா மணியம் லயத்தைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். ஒரு காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாதான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினாள். ஆம்புலன்ஸ் வரத்தான் செய்தது. மனோகரன் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சாவடிக்காரன் ஒப்பித்தான். யாரோ விளையாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வண்டி திரும்பிப் போய்விட்டது. வெள்ளையம்மா செம்மண் சாலையில் கத்திக்கொண்டே ஓடி வந்து பார்த்தபோது அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. அவள் அங்கேயே மண்ணை வாரி அந்தச் சாவடியின் மேல் தூற்றி, மனோகரன் குலம் விளங்காது என்று சபித்தாளாம். தேன்மொழி ஜொகூர் பாருவிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வருவதற்குள் அப்பா போய்விட்டார். வெள்ளையம்மாவின் மடியில் தலை இருந்தது.

தேன்மொழி புகார் கொடுத்தாள். சாவடிக்காரன் அதற்குள் வேலையைவிட்டுப் போயிருந்தான். நான் அப்படிச் சொல்லவேயில்லையே என்று மனோகரன் கையை விரித்தான். விரித்த கையாலேயே வந்து மாலையும் போட்டான். அந்த மாலையை அவள் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள். அதைத் தவிர அவளால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் கணக்கெடுக்கும் ஆட்கள் வந்து போன பிறகு காலம் மாறியது. முதலாளியின் கம்பெனி மூழ்கியது. நிலம் வழக்கில் போய் மாட்டிக்கொண்டது. மனோகரன் ஒரே நாளில் சட்டையை மாற்றிக்கொண்டு, சங்கம் ஒன்று வைத்து மக்கள் தலைவனானான். கீழ் லயத்துச் சாலைமுனையில் சமூக மண்டபம் ஒன்று கட்ட இடம் வேண்டும், அதற்குத் தன் அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். கீழ் லயத்தில் நம் மக்கள் ஏராளமாக இருக்கிறார்கள், கல்யாணம் காட்சிக்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள் என்று மனு. இதையெல்லாம் வெள்ளையம்மா அவ்வப்போது போனில் சொல்லி வயிறெரிவாள்.

இப்போது அந்த மஞ்சள் கட்டம் தேன்மொழியின் முன்னால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'மறுபடி பார்க்கவும்' என்று அமுக்கினால் ஆட்கள் போவார்கள், வெள்ளையம்மா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், சரியான எண் ஏறிவிடும். ஏறினால் அந்த எண்ணைக் காட்டியே மனோகரன் மண்டபம் வாங்கிவிடுவான். அப்பாவைக் கொன்றவன், தன் அப்பா பெயரை வாசலில் பொன்னெழுத்தில் எழுதிவைத்துப் பல்லிளிப்பான். பூஜ்யத்தை அப்படியே விட்டாலோ, எல்லோரும் பார்க்கிற வரைபடத்தில் அவன் வாயிலிருந்து வந்த பொய்யே அவன் கழுத்தைப் பிடிக்கும்.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. எண்களைப் பூட்டிவிட்டால் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் திறக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இருந்தாலும் 'காலிதான்' என்று அமுக்கினாள். அமுக்கிவிட்டு எழுந்து போய் ஒரு தே தாரிக் வாங்கி ரசித்துக் குடித்தாள். பல நாளைக்குப் பிறகு அது இனித்தது.

வரைபடத்தை மக்களுக்குத் திறந்துவிடும் விழாவை ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வைத்தார்கள். சங்கத் தலைவர்களையெல்லாம் அழைத்து, அவரவர் ஊரை அவரவர் கையாலேயே பெரிய தொடுதிரையில் தொட்டுப் பார்க்கச் சொல்வது என்று ஏற்பாடு. அழைப்பு அனுப்பும் வேலையைத் தேன்மொழி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். மனோகரனுக்கு முதல் அழைப்பு போயிற்று. அவன் கேட்கிற சமூக மண்டபத்துக்கு இடம் ஒதுக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற அதிகாரிக்கு இரண்டாவது.

அடிக்கிற அடியைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன சுகம்? அந்த வார இறுதியில் கீழ் லயத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

"நம்மள எதுக்கு தேனு கூப்பிடறாங்க?" என்றாள் வெள்ளையம்மா. பெரிய குடத்திலிருந்து தண்ணீரைச் சட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாய் இன்னும் வரவில்லை.

"நான்தான் கூப்பிடறேன் அத்தை. மனோகரன் மூக்கு உடையறத நீங்க கண்ணால பார்க்கணும்."

"அவன் மூக்கு கெடக்கட்டும். அந்த மேப்புல நம்ம லயம் வருமா?"

"வரும் அத்தை."

"என் வீடு?"

"கூரைகூடத் தெரியும்."

வெள்ளையம்மாவுக்கு வாயெல்லாம் பல். சட்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். "ஏய் செல்லம், புஷ்பவள்ளி! நம்ம வீடெல்லாம் கவர்மெண்ட் மேப்புல வருதாம்லா! மணியத்தோட மகதான் போட்டுருக்கு!"

 இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று தேன்மொழிக்கு ஒரு நொடி தோன்றியது உண்மைதான். சொன்னால் இவர்கள் வரமாட்டார்கள். வராவிட்டால், பூஜ்யம் வந்த பிறகு எழுந்து நின்று 'நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்ல ஆளிருக்காது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

விழாவன்று அவளே வேன் பிடித்து அனுப்பினாள். வழியில் செடெனாக்கில் நிறுத்தி எல்லாருக்கும் சாப்பிட நாசி லெமாக் வாங்கிக் கொடுக்கும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தாள். கீழ் லயத்துக்காரர்கள் வந்து இறங்கியபோது தைப்பூசத்துக்குக் கிளம்பியவர்களைப்போல இருந்தார்கள். வெள்ளையம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். குளிர்சாதனக் காற்றுக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தேன்மொழியின் மேலாளர் கிருஷ்ணகுமாரி மேடையேறிப் பேசினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். சொல்லுக்குச் சொல் இஸ்திரி போட்டதுபோலப் பேசுவார்.

"இந்த வரைபடம் அலங்காரத்துக்கு இல்ல. இனிமே நடமாடும் கிளினிக் எந்த ரோட்டுக்குப் போகணும், ஸ்கூல் பஸ் எங்க நிக்கணும், ஆம்புலன்ஸ் எந்தக் கம்பத்து ஜனத்துக்குப் பக்கத்துல காத்திருக்கணும், எல்லாத்தையும் இதப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. இதுல இருக்கற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் கிடைக்குது."

தேன்மொழியின் காதில் இதெல்லாம் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் கண் முன்வரிசையில் இருந்த மனோகரனின் மேல் இருந்தது. புது பாத்தேக் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் குனிந்து குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சிரி மகனே, நல்லா சிரிச்சுக்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"முதல்ல பாலோ பக்கத்துலேருந்து மனோகரன் அண்ணன் வராரு," என்று மைக்கில் கூப்பிட்டாள். குரல் அத்தனை இனிப்பாக வந்தது அவளுக்கே வியப்பு.

மனோகரன் எழுந்து, அதிகாரியையும் கையோடு திரைக்கு அழைத்துக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டான்.

"நம்ம மணியம் மக! நம்ம லயத்துப் பொண்ணுதான் துவான் இது. நான் தூக்கி வளர்த்தது," என்று அதிகாரியிடம் பெருமையடித்தான்.

"தொடுங்க அண்ணே," என்றாள் தேன்மொழி. "உங்க மண்டபம் வரப்போற எடத்தத் தொடுங்க."

மனோகரன் விரலை நீட்டிக் கீழ் லயத்தைத் தொட்டான். கட்டம் விரிந்தது. துருப்பிடித்த கூரைகள் சுவரளவுக்குத் தெரிந்தன. அதன்மேல், ஒரு ஆள் உயரத்துக்கு, பூஜ்யம்.

அவன் மறுபடி தொட்டான். பூஜ்யம். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தொட்டான். மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனோகரன் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி சாந்தமானவர். திரையைப் பார்த்தார், மனோகரனைப் பார்த்தார். "ஓராங் தாக் அடா, டேவான் உந்தோக் சியாப்பா?" என்றார். ஆளே இல்லாத இடத்தில் மண்டபம் யாருக்கு என்று அவர் மலாயில் கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது.

"மேப்பு தப்பு துவான்! சிஸ்டம்ல கோளாறு!"

"கோளாறு இல்லண்ணே," என்று தேன்மொழி மைக்கை உயர்த்தினாள். இத்தனை வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த நொடி. அவள் அவசரப்படவில்லை. "கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்ட, உள்ள யாருமே இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பினவரு இந்த மனோகரன். அவர் பேரப் போட்டு எழுதியிருக்கு. தண்ணிக்காரன்கிட்டயும் அதான் சொன்னாரு. ஆம்புலன்ஸ்காரன்கிட்டயும் அதையே சொல்ல வச்சாரு. அதுல எங்கப்பா செத்தாரு. இன்னிக்கு மண்டபம் வேணும்னதும் ஜனங்க முளைச்சுட்டாங்களா?"

 மனோகரனின் சங்கத்து ஆட்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து கழிப்பறைப் பக்கம் நழுவினார். அதிகாரி கையிலிருந்த மனுவை மடித்தார். மனோகரனின் உதடு ஏதோ சொல்ல முயன்று கோணிக்கொண்டது. தேன்மொழி அந்தக் கோணலைக் கண்குளிரப் பார்த்தாள். அப்பா இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் கோணட்டும் என்று நினைத்தாள்.

"அத்தை, எழுந்திருங்க," என்று கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் எழுந்து நில்லுங்க. இவரு இல்லன்னு சொன்ன ஜனங்க இவங்கதான்!"

கீழ் லயத்துக்காரர்கள் எழுந்தார்கள். கை தட்டல் கிளம்பியது. அதோடு முடிந்திருந்தால் தேன்மொழிக்கு அது பொன்னான நாள். ஆனால் வெள்ளையம்மா எழுந்து நின்றதோடு நிற்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள். மனோகரனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்க் கூரைகளை உற்றுப் பார்த்து, தன் வீட்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தாள்.

பூஜ்யம் அசையவில்லை.

"இதான் என் வீடு. துணி காயுது பாரு," என்றாள். "தொட்டா ஒண்ணும் வரலயே தேனு. நான் எங்க இருக்கேன் இதுல?"

"இவர் இல்லன்னு சொல்லிட்டாரு அத்தை, அதான்…"

"அவன் சொன்னா? மேலேருந்து பார்த்தாலே துணி தெரியுது, கூரை தெரியுது. ஒருத்தரும் பார்க்கலயா?"

இந்தக் கேள்வி கிருஷ்ணகுமாரிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் வேலையில் பழுது சொன்னால் அவர் தாங்கமாட்டார். "பார்க்காம விடறதே இல்லம்மா," என்று முன்னால் வந்தார். "வீடு தெரிஞ்சு ஆளில்லன்னு வந்தா எங்காளு ஒருத்தர் திறந்து பார்த்தே ஆகணும். சந்தேகம்னா திருப்பி அனுப்பணும். இந்தக் கட்டத்தையும் ஒருத்தர் பார்த்து உறுதிப்படுத்தியிருப்பாங்க. காட்டறேன்."

"மேடம், வேண்டாம்," என்றாள் தேன்மொழி. மைக் இன்னும் கையில் இருந்தது. அந்த 'வேண்டாம்' மண்டபம் முழுக்கக் கேட்டது.

கிருஷ்ணகுமாரி அதற்குள் தொட்டுவிட்டார். கூரைகளுக்குக் கீழே மலாயிலும் தமிழிலுமாக ஒரு வரி வந்தது. காலிதான் என உறுதிசெய்தவர்: தேன்மொழி, மணியத்தின் மகள்.

வெள்ளையம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மணியம் என்ற பெயர்வரை படித்து நிறுத்தினாள்.

"நீயா பார்த்த?"

தேன்மொழி மைக்கைக் கீழே வைத்தாள்.

"துணி காயறத பார்த்தியா?"

"பார்த்தேன் அத்தை."

கிருஷ்ணகுமாரியின் முகம் சிவந்துவிட்டது. அதிகாரி, இந்த எண்ணைத் திருத்த முடியுமா என்று கேட்டார். பூட்டியாகிவிட்டது, அடுத்த கணக்கெடுப்பில்தான் மாறும், பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு என்று கிருஷ்ணகுமாரி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பத்து வருஷமா?" என்றாள் வெள்ளையம்மா. யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. "அதுவரைக்கும் அந்த கிளினிக் வண்டி வராதா?"

அந்த மேடையில் பதில் சொல்ல முன்வந்தவன் ஒரே ஒருவன்தான்.

மனோகரனிடம் ஆயிரம் குறை சொல்லலாம், சோர்ந்து போகிறவன் என்று மட்டும் சொல்ல முடியாது. கோணிய உதடு நேராகிவிட்டது. பட்டென்று வெள்ளையம்மாவுக்கும் அதிகாரிக்கும் நடுவே வந்து கைகூப்பி நின்றான்.

"தப்பு என்மேலயும் இருக்கு துவான், அன்னிக்கு முதலாளி பேச்சக் கேட்டு சொல்லிட்டேன். நான் ஒத்துக்கறேன். ஆனா இந்த ஜனங்கள இப்படியே விட முடியுமா? நானே வீடு வீடாப் போறேன். பேரு, ஐசி கார்டு, படம், எல்லாம் எடுத்து மேலிடம் வரைக்கும் அனுப்பறேன். மேப்ப மாத்த முடியலன்னா மேப்புக்குப் பக்கத்துல எழுதியாச்சும் வைக்கட்டும். அதுவரைக்கும் நான் விடமாட்டேன்."

அதிகாரி தலையாட்டினார். மடித்த மனுவை மறுபடி பிரிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் பார்க்கலாம் என்றார்.

கீழே இறங்கும்போது மனோகரன் தேன்மொழியின் அருகே ஒரு நொடி நின்றான். சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"நான் வாயாலதான் சொன்னேன் தங்கச்சி," என்றான். "நான் சொன்னத மாத்தலாம். நீ அமுக்கினத இப்ப யாராலயும் மாத்த முடியலயே."

அவன் கன்னத்தில் அறைய அவள் கை துடித்தது. அறைந்திருந்தால்கூட அன்றைக்கு அவளுக்குச் சாதகமாக ஒருவரும் பேசியிருக்கமாட்டார்கள். திங்கட்கிழமை காலை தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டுக் கிருஷ்ணகுமாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹோட்டலுக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் வெயில் கொளுத்தியது. தேன்மொழி ஓடி வந்தபோது, அவள் அமர்த்திய வேனின் டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். கீழ் லயத்துக்காரர்கள் அதில் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற மனோகரனின் சங்க வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். செல்லம் அவளைப் பார்த்ததும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புஷ்பவள்ளி அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாவின் கையைத் தேன்மொழி பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எங்கப்பாவக் கொன்னவன் அவன்."

"எனக்கா சொல்ற? என் மடியிலதான் உசுரு போச்சு."

"அப்புறம் எப்படி அவன் வண்டியில போய்…"

"அவன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது. அவன் களவாணின்னு லயத்துல கைக்குழந்தைக்கும் தெரியும்."

"அவனுக்கு மண்டபம் வேணும், அதுக்குத்தான் இந்த நாடகம். உங்களுக்காக இல்ல!"

"தெரியும்லா."

"அவன் நாசமாப் போகணும்னுதான் நான் அப்படிப் பண்ணேன் அத்தை. நீங்களும்தான மண்ண வாரித் தூத்தினீங்க?"

"தூத்தினேன். என் கையால தூத்தினேன். உன்னக் கூப்பிட்டு உன் தலைமேல தூத்தினேனா?" வெள்ளையம்மா கத்தவில்லை. களைத்துப்போனவள் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "கேட்டுக்க தேனு. அவனுக்கு நாளைக்கும் நாங்க வேணும். ஒவ்வொருத்தரா எண்ணி வைப்பான், ஒருத்தர் கொறஞ்சாலும் அவனுக்கு நட்டம். உனக்கு நாங்க இன்னிக்கு மட்டுந்தான வேண்டியிருந்துச்சு?"

தேன்மொழியின் பிடி தானாகத் தளர்ந்தது. வெள்ளையம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து மனோகரன் நீட்டிய கையைத் தொடாமல், கதவுக் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

மனோகரன்மேல் இருந்த ஆத்திரம் தேன்மொழிக்கு இம்மியும் குறையவில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. வேன் உடனே கிளம்பவில்லை. திறந்த ஜன்னல் வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. மனோகரன் முன் இருக்கையிலிருந்து பின்பக்கம் திரும்பி, கைப்பேசியில் ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். வெள்ளையம்மாவின் முறை வந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் நேராக உட்கார்ந்து, தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக அவனுக்குச் சொன்னாள்.